தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம்களைச் சீராக ஓட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: 15 வாட் வகைச் செயலி, அதற்குள்ளேயே அமைந்த கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம், 1920×1080 திரை. கேம் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் ஓரளவு நன்றாக ஓடுகிறது; பிறகு வினாடிக்கு 20 பிரேம் அளவுக்கு இறங்கித் திணறுகிறது. எல்லா அமைப்புகளையும் 'லோ'வில் வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. புதிய லேப்டாப் வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் இணையத்தில் உலவும் 'பத்து வழிகள்', 'இருபது வழிகள்' பட்டியல்களை மேலிருந்து கீழாகச் செய்து பார்ப்பதால் அது நடக்காது. அவற்றுள் பலவும் உங்கள் லேப்டாப்பில் உண்மையில் தடையாக இருப்பதைத் தொடுவதே இல்லை. இத்தகைய லேப்டாப்பில் கேமை இழுத்துப் பிடிப்பவை பெரும்பாலும் மூன்று: செயலியும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும் மின்சாரம், அவை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் ரேம், அந்தச் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி வரைந்து முடிக்க வேண்டிய பிக்சல்களின் எண்ணிக்கை. இம்மூன்றில் எது தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு அமைப்புகளில் கை வைப்பதே முறை.

அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கேமில் நெரிசலான ஓரிடத்திற்குச் சென்று, கதாபாத்திரத்தை அசைக்காமல் ஒரே திசையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். பிரேம் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டும் வசதி ஸ்டீமிலேயே இருக்கிறது; விண்டோஸ் பொத்தானையும் ஜி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரிலும் இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மற்ற எதையும் மாற்றாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280×720-க்கு இறக்குங்கள். எண் கணிசமாக ஏறினால் தடை கிராஃபிக்ஸ் பக்கம் இருக்கிறது. எண் அசையவே இல்லையென்றால் தடை செயலியின் பக்கம் இருக்கிறது. அப்போது பிரதிபலிப்பையும் பனிமூட்டத்தையும் எவ்வளவு குறைத்தாலும் வீண், மக்கள் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு போன்றவற்றைத்தான் குறைக்க வேண்டும். எண் நன்றாகவே இருந்து, அவ்வப்போது மட்டும் காட்சி உறைந்து உறைந்து நகர்ந்தால், ரேம் போதாமல் போவதையோ, பழைய ஹார்டு டிஸ்கையோ, கேம் ஓடும்போதே ஷேடர்களை (கிராஃபிக்ஸுக்கு வரையும் முறையைச் சொல்லும் சிறு நிரல்களை) தொகுத்துக்கொண்டிருப்பதையோ சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையை கேம் தொடங்கியவுடன் ஒருமுறையும் இருபது நிமிடம் ஓடிய பிறகு ஒருமுறையும் செய்வது நல்லது, ஏனெனில் உங்கள் அறிகுறியின் விடை அந்த இரண்டு அளவீடுகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

முதலில் நன்றாக ஓடிப் பிறகு இறங்குவது வெப்பத்தையும் மின்சார வரம்பையும் காட்டும் அறிகுறி. 15 வாட் என்று பெயர் பெற்ற செயலி எப்போதும் 15 வாட்டோடு நிற்பதில்லை; குளிர்ந்த நிலையில் அதைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளச் சிறிது நேரம் அனுமதி உண்டு, பிறகு தன் வரம்புக்குத் திரும்பிவிடும், உடல் சூடேறிவிட்டால் அதற்கும் கீழே போகும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று, அந்த 15 வாட் செயலிக்கு மட்டும் உரியதன்று என்பது. ஒரே சிப்பில் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, இன்டெல் ஐ5-8250யூ செயலியின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம், அதாவது தேவைப்படும்போது தாவும் உச்ச வேகம், 3.4 கிகாஹெர்ட்ஸ். கேம் ஓடும்போது செயலி தனக்குத் தேவையே இல்லாத டர்போ வேகத்திற்குத் தாவினால், அதற்கான மின்சாரம் கிராஃபிக்ஸின் பங்கிலிருந்து போகிறது. கிராஃபிக்ஸ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, பிரேம் எண்ணிக்கை இறங்குகிறது. ஆகவே செயலியைக் கட்டுப்படுத்தினால் கேம் வேகமாக ஓடும் என்ற விந்தையான நிலை இங்கே உண்மையாகவே ஏற்படுகிறது.

கட்டுப்படுத்தும் வழி விண்டோஸின் பழைய கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் பயன்பாட்டிலுள்ள திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, செயலி மேலாண்மை என்ற பகுதியில் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 சதவீதமாக்கினால் இன்டெல் செயலிகளில் டர்போ நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ வேகத்தைப் பார்த்தபடி இதைச் செய்தால், 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டித் துள்ளிக்கொண்டிருந்த எண் அடிப்படை வேகத்திற்கு வந்து அமர்வதைக் கண்ணால் காணலாம். சில கேம்களுக்கு இது பெரிய விடுதலை. செயலியை அதிகம் நம்பும் கேம்களுக்கு 1.6 கிகாஹெர்ட்ஸ் போதாமல் போய் நிலைமை மோசமாகவும் கூடும். முன்சொன்ன சோதனையில் உங்கள் கேம் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும். செயலியின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மென்பொருள்களும் இருந்தன, அவை நன்றாகவும் வேலை செய்தன. ஆனால் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு பல லேப்டாப்களின் பயாஸில் (வன்பொருளைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளில்) அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

சூட்டைக் குறைக்கும் வேலைகளுள் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது தூசி நீக்குதல். இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால், விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையில், கிழித்தெடுத்த பஞ்சு மெத்தைத் துண்டு போல் தூசி அடர்ந்து படிந்திருப்பதைக் காணலாம். வெளியிலிருந்து காற்றை ஊதுவதால் அது போவதில்லை. உட்புறமிருந்து எடுக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் எடுத்தால் போதும். வாரன்டி இருந்தாலோ, கைப்பழக்கம் இல்லாவிட்டாலோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்போதே செயலியின் மேலுள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லலாம். லேப்டாப்பை மெத்தையின் மீதோ மடியின் மீதோ வைத்து விளையாடாமல், மேசையில் வைத்துப் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைப்பதும் பயன் தரும். சார்ஜரை இணைத்தே விளையாட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்கள் மின்சார வரம்பைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன.

அடுத்தது ரேம். பணம் செலவழித்துத்தான் தீர வேண்டும் என்றால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய கார்டின் ஜிடிடிஆர்5 நினைவகம்கூட வினாடிக்கு 128 ஜிபி தரவைக் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை; லேப்டாப்பின் ரேமையே, அதுவும் செயலியோடு பகிர்ந்துகொண்டு, பயன்படுத்த வேண்டும். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரே துண்டாக இருந்தால் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு துண்டுகளாக இரு தடங்களில் (தரவு செல்லும் தனித்தனிப் பாதைகளில்) இருந்தால் 51.2 ஜிபி. பிக்சல்களை வரையும் வேலை பெரிதும் நினைவகத்திலிருந்து படிப்பதும் அதில் எழுதுவதுமாகவே இருப்பதால், ஒற்றைத் தடத்தில் சிக்கிய கிராஃபிக்ஸ் தன் கணக்கிடும் ஆற்றலின் பெரும் பகுதியைக் காத்திருப்பதிலேயே செலவிடுகிறது. இன்டெல்லே இதைப் பெயரில் காட்டிவிடுகிறது: ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் உள்ள செயலியில் ஒற்றைத் தட ரேம் மட்டும் இருந்தால், விண்டோஸ் அதை ஐரிஸ் என்று காட்டாமல் சாதாரண யூஎச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும்.

உங்கள் லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் நினைவகத்தைச் சொடுக்கிப் பாருங்கள். பயன்பாட்டிலுள்ள ஸ்லாட் '2-இல் 1' என்று இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. அதே அளவிலும் வேகத்திலும் இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்த்தால் கொள்ளளவும் இரட்டிக்கும், தடமும் இரட்டிக்கும். அவ்வப்போது காட்சி உறைவதும் பெரும்பாலும் அதோடு நிற்கும். 8 ஜிபியோடு 4 ஜிபியைச் சேர்ப்பதும் வீணன்று: இன்டெல் லேப்டாப்களில் முதல் 8 ஜிபி வரை இரு தடங்களிலும், எஞ்சிய 4 ஜிபி ஒரு தடத்திலும் இயங்கும். ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, காலி ஸ்லாட்டும் இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் இந்தக் கதவு மூடப்பட்டதுதான். அப்போது கேமுக்கு முன் பிரௌசரை முழுவதுமாக மூடுவது, பின்னணியில் தாமாகத் தொடங்கும் நிரல்களை நிறுத்துவது ஆகியவற்றோடு திருப்திப்பட வேண்டும். ஏஎம்டி லேப்டாப்களின் பயாஸில் கிராஃபிக்ஸுக்கென ஒதுக்கும் நினைவகத்தை 512 எம்பியிலிருந்து 2 ஜிபியாக உயர்த்தும் வசதி சிலவற்றில் இருக்கும். மொத்தமே 8 ஜிபி உள்ளபோது அதை உயர்த்தினால் விண்டோஸுக்கும் கேமுக்கும் 6 ஜிபிதான் மிஞ்சும். 16 ஜிபி ஆன பிறகு உயர்த்துவதே அறிவுடைமை.

இனி பிக்சல்கள். 1920×1080 என்பது ஒரு பிரேமுக்கு 20,73,600 பிக்சல். 1280×720 என்பது 9,21,600. பாதிக்கும் குறைவு. ஏஎம்டி சிப்பில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி 2022-இல் வந்தபோது, அதன் சிப்பும் உங்களுடையதைப் போலவே 15 வாட் வரம்புக்குள் இயங்குவதுதான், அதிலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அது பெரிய கேம்களை ஓட்டியதற்குப் புதுமையான கிராஃபிக்ஸ் ஒரு காரணம், வினாடிக்கு 88 ஜிபி வேகமுள்ள நினைவகம் ஒரு காரணம், 1280×800 என்ற அடக்கமான திரை மூன்றாவது காரணம். 15 வாட் சிப்பைக் கொண்டு 1080 வரிசைத் திரையை நிரப்ப முயல்வதில்தான் தகராறே தொடங்குகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு: அந்தக் கருவிக்காகப் பல கேம்களில் தனி முன்னமைப்பே சேர்க்கப்பட்டுள்ளது, ஆர்வலர்களும் கேம் வாரியாக அமைப்புகளை வெளியிடுகிறார்கள். உங்கள் கேமுக்கு அதைத் தேடி எடுத்து, அதிலிருந்து ஒரு படி இறக்கித் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

1080 திரையில் 720-ஐ விரித்துக் காட்டும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிவது உண்மையே. கேமில் 'ரெசல்யூஷன் ஸ்கேல்' அல்லது 'ரெண்டர் ஸ்கேல்' என்ற வசதி இருந்தால், திரை ரெசல்யூஷனை 1080-இலேயே விட்டுவிட்டு அதை 67 சதவீதத்திற்கு இறக்குங்கள். பெரும்பாலான கேம்களில் 3டி காட்சி மட்டும் சிறிதாக வரையப்படும், எழுத்துகளும் பட்டியல்களும் கூர்மையாகவே இருக்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற, சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் நுட்பம் இதையே நேர்த்தியாகச் செய்கிறது. 2021-இல் வந்த அதன் முதல் பதிப்பு எந்த நிறுவனத்தின் கிராஃபிக்ஸிலும் ஓடும், அதற்கான செலவும் மிகக் குறைவு. அதன் இரண்டாம் பதிப்பும் இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ்ஸும் முந்தைய பிரேம்களையும் பயன்படுத்திக்கொள்வதால் படம் தெளிவாக வரும், ஆனால் அந்தக் கணக்கே வலுவற்ற கிராஃபிக்ஸில் ஒவ்வொரு பிரேமிலும் சில மில்லிசெகண்டுகளைத் தின்றுவிடும். எனவே இரண்டையும் வைத்து எண்ணைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்எஸ்ஆரில் 1080-இல் 'குவாலிட்டி' நிலை என்றால் உள்ளே 720-இல் வரைகிறது என்று பொருள், 'பர்ஃபாமன்ஸ்' என்றால் 960×540. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே ஓடும் என்பதால் அதை மறந்துவிடலாம். இடையில் பிரேம்களை உருவாக்கிச் செருகும் நுட்பத்தையும் இந்த நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். அடிப்படை 20 பிரேமாக இருக்கும்போது எண் 40 என்று காட்டினாலும், பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதம் 20 பிரேமுக்கு உரியதாகவே இருக்கும், சற்றுக் கூடுதலாகவும் இருக்கும்.

எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தும் பலனில்லை என்றீர்கள். 'லோ' முன்னமைப்பு பொதுவாக ரெசல்யூஷனைத் தொடுவதில்லை என்பது ஒரு காரணம். அது கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் குறைப்பதால் படம் அசிங்கமாகிறதே தவிர, குறைக்கப்பட்ட எல்லாமே சுமையாக இருந்தவை அல்ல. டெக்ஸ்சர் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அது நினைவகக் கொள்ளளவைத்தான் முதன்மையாகச் சார்ந்தது, ரேம் போதுமான அளவு இருந்தால் அதை 'மீடிய'த்தில் வைப்பதால் பிரேம் அதிகம் குறையாது, சுவர்களும் முகங்களும் களிமண் பூசியது போல் தெரியாமல் தப்பிக்கும். நிழல் அப்படியன்று, ஒளி வரும் திசையிலிருந்து காட்சியை மறுபடியும் ஒருமுறை வரைந்தால்தான் நிழல் கிடைக்கும் என்பதால் அது செயலிக்கும் கிராஃபிக்ஸுக்கும் ஒருசேரச் சுமை. ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலைகளிலும் இடுக்குகளிலும் படியும் மென்னிழல்), அடர்த்தியுள்ள பனிமூட்டம், திரைவெளிப் பிரதிபலிப்பு மூன்றும் நினைவக வேகத்தை விழுங்குபவை, அவற்றை அணைத்தேவிடுங்கள். விளிம்பு மென்மையாக்கத்தில் எம்எஸ்ஏஏ என்ற தேர்வு வேண்டாம், எஃப்எக்ஸ்ஏஏ என்ற தேர்வு சுமை குறைந்தது. வெடிப்புப் புகை திரையை நிறைக்கும்போது மட்டும் கேம் திணறினால் துகள் விளைவுகளைக் குறைக்க வேண்டும், ஏனெனில் ஒளி ஊடுருவும் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது ஒரே பிக்சல் பலமுறை வரையப்படுகிறது.

கேமுக்கே உரிய அமைப்புகளும் உண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பார்வைத் தொலைவு 16 என்றால் உங்களைச் சுற்றி 33×33, அதாவது 1,089 நிலத்துண்டுகள், 8 என்றால் 17×17, அதாவது 289. தொலைவைப் பாதியாக்கினால் வேலை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிறது. அதோடு சோடியம் என்ற இலவச மோடை (கேமை மாற்றியமைக்கும் துணை நிரலை) சேர்த்தால், வரையும் முறையே மாற்றி எழுதப்பட்டிருப்பதால், எளிய லேப்டாப்பிலும் வேறு கேம் போல ஓடும். மாறாக, அந்த கேமுக்கு ரேமை அள்ளி ஒதுக்குவது பயனற்றது. ஜாவா கழிவு நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது நீண்ட இடைநிறுத்தங்கள் வரலாம், விண்டோஸுக்கும் ரேம் மிஞ்சாது.

எண்ணிக்கையைவிடச் சீர்மை முக்கியம் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கேம் 35-க்கும் 48-க்கும் இடையில் அலைபாய்ந்தால் சில பிரேம்கள் ஒரு சுற்றும் சில பிரேம்கள் இரண்டு சுற்றும் திரையில் நிற்கும். கண்ணுக்கு அதுதான் உதறலாகத் தெரிகிறது. 30-இல் பூட்டிவிட்டால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு சுற்று நிற்கும், கதை சார்ந்த கேம்களுக்கு அது தாராளமாகப் போதும். பூட்டுவதால் சிப் ஒவ்வொரு பிரேமுக்குப் பிறகும் சற்று ஓய்வெடுக்கிறது, சூடு குறைகிறது, இருபதாம் நிமிடத்து வீழ்ச்சியும் தள்ளிப்போகிறது. உங்கள் லேப்டாப்பில் டர்போவை நிறுத்துவது ஒத்துவராமல் போனால், இந்தப் பூட்டே அதன் வேலையைச் செய்துவிடும்.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை குறைவு. பின்னணியில் கேமைப் பதிவு செய்துகொண்டிருக்கும் வசதியை அணையுங்கள், கேம் மோடை அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-இல் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை அணைத்தால் சில கேம்களில் வேகம் கூடக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட்டே 2022-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே லேப்டாப்பில் வங்கி வேலையும் அலுவலக வேலையும் செய்பவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. 'கேம் பூஸ்டர்', 'ரேம் கிளீனர்', ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் நிரல்கள் எதையும் நிறுவ வேண்டாம், அவையும் ரேமில் உட்காரும் நிரல்களே. டிரைவரை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள், ஆனால் அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம்: இன்டெல்லின் 6 முதல் 10 வரையிலான தலைமுறைகளின் கிராஃபிக்ஸ் 2022-இல் பழைய சாதனங்களுக்கான ஆதரவுக்கு மாற்றப்பட்டுவிட்டது, புதிய கேம்களுக்கான மேம்பாடுகள் அவற்றுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. கேம் கிராஃபிக்ஸோடு பேசும் இடைமுகத்துக்கு டைரக்ட்எக்ஸ் 11, 12, வல்கன் என்று தேர்வு இருந்தால் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி லேப்டாப்பில் 11 சீராக ஓடி 12 திணறுவது சாதாரணம். லேப்டாப்பில் தனியாகச் சிறிய என்விடியா அல்லது ஏஎம்டி சிப்பும் இருந்தால், டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் பக்கத்தில் அந்த கேமுக்கு 'ஹை பர்ஃபாமன்ஸ்' தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடாத கேம்கள் இருக்கத்தான் செய்யும், குறிப்பாக ஒளிக்கதிர்ப் பின்தொடர்தலை (ரே டிரேசிங்) கட்டாயமாக்கிய புதிய கேம்கள். அவற்றுக்கு ஜிஃபோர்ஸ் நவ் போன்ற கிளவுட் சேவை ஒரு மாற்று: கேம் தொலைவிலுள்ள சர்வரில் ஓடும், உங்கள் லேப்டாப் வீடியோவை விரித்துக் காட்டினால் போதும், அந்த வேலை உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு மிக எளிது. சேவை உங்கள் நாட்டில் கிடைக்கிறதா, சர்வர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஆடும் கேம்களிலும் நிதானமான கதை கேம்களிலும் தாமதம் உறுத்தாது, துப்பாக்கிச் சண்டை கேம்களில் உறுத்தும். வைஃபையை விட்டுவிட்டு ஈதர்நெட் கேபிளை இணைத்தால் அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கமாவது அடங்கும்.